தனக்கோடிக்குச் சொன்ன ஆறு மாதம்

தனக்கோடியின் தையல் கோணலாகப் போக ஆரம்பித்தது 1999 ஜூன் மாதத்தில். பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் அவள் காலர் ஆபரேட்டர். புதிதாய்ச் சேர்ந்தவளிடம் சட்டையின் வேறு எந்தப் பாகத்தையும் கொடுப்பார்கள், காலரைக் கொடுக்க மாட்டார்கள். வளைவில் ஊசி கொஞ்சம் விலகினாலும் சட்டையே கெட்டுப்போகும். அவளுடைய பண்டல் செக்கிங் டேபிளிலிருந்து திரும்பி வந்தது. அடுத்த நாளும் வந்தது. பக்கத்து மெஷினில் இருந்த மௌரீன் ஒரு பீஸை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"என்னடி இது, கண்ணு தெரியலையா?"

"கண்ணு தெரியுது. இந்தக் கைதான் துணியைப் பிடிக்க மாட்டேங்குது," என்று தனக்கோடி இடது கையைக் காட்டினாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அந்தக் கை தானாகத் துள்ளியது. வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோள் இழுத்தது, பிறகு முகத்தின் ஒரு பக்கம். பெஞ்சிலிருந்து சரிந்தாள். யாரோ ஓடி வந்து ஒரு சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். மௌரீன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

அப்போது தனக்கோடிக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. அடுகோடியில் பிறந்து, அடுகோடியிலேயே கல்யாணமாகி, அங்கேயே இருந்தவள். அவள் அப்பா காலத்திலேயே குடும்பம் பௌத்தத்துக்கு மாறியிருந்தது. கல்யாணத்தில் ஐயரும் இல்லை, தாலியும் இல்லை. புத்தர் படத்துக்கு முன்னால் பஞ்சசீலம் சொல்லி மாலை மாற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளை முனிகிருஷ்ணன் லேத் பட்டறையில் வேலை செய்தான். சாதுவானவன், பேச்சு குறைவு. சங்கமித்ரா என்று ஒரே பெண்.

பட்டறை மூடிய பிறகு முனிகிருஷ்ணனுக்கு ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தான். 1991 டிசம்பரில் காவேரி கலாட்டா வந்தது. பஸ் ஓடவில்லை. தமிழ்க்காரர்கள் ரோட்டில் தலைகாட்டப் பயந்த நாட்கள் அவை. கம்பெனி கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்த ஜெயலட்சுமி, புருஷன் விட்டுப் போனவள், அவனைத் தன் வீட்டில் தங்க வைத்தாள். தெருவில் விசாரித்துக்கொண்டு வந்தவர்களிடம் கன்னடத்தில், "நம்ம மனெயவரு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டுக்காரர் என்று அர்த்தம். அன்றைக்கு அது உயிரைக் காப்பாற்றச் சொன்ன பொய். அடுத்த வருஷமே அது பொய்யாக இல்லை. முனிகிருஷ்ணன் முதலில் ஞாயிறு மட்டும் அடுகோடிக்கு வந்தான், பிறகு பண்டிகைக்கு வந்தான், பிறகு வரவில்லை.

தனக்கோடி சண்டை போடவில்லை. "உயிரோட இருக்கான்ல," என்று மட்டும் அதே தெருவில் இருந்த மௌரீனிடம் சொன்னாள். கார்மென்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்தது அப்போதுதான். 1996இல் மார்பில் கட்டி வந்தது. ஓசூர் ரோட்டில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள், கரண்ட் என்று சொல்லிக் கதிர்வீச்சு வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். எல்லாவற்றுக்கும் மௌரீன்தான் கூடப் போனாள். விஷயம் கேள்விப்பட்டு முனிகிருஷ்ணன் ஒரு நாள் வந்து, வார்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று, சாத்துக்குடிப் பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனான். தனக்கோடி குணமாகி மறுபடி காலர் தைக்கப் போனாள்.

மூன்று வருஷம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் உஷா படத்தை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தார். சேலத்துக்காரர், தமிழில் பேசுவார். தனக்கோடியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மௌரீனிடம் கேட்டார்.

"வீட்டுக்காரர் வரலையா?"

"இருக்காரு டாக்டர். கூட இல்லை."

"மார்பில இருந்தது மூளைக்கு வந்திருக்கு. ஒண்ணு இல்லை, நாலஞ்சு இடத்தில தெரியுது. கரண்ட் வெப்போம். கை கொஞ்சம் சரியாகும், வலிப்பு நிக்கும்."

"அப்புறம்?"

"நாலு மாசம், அஞ்சு மாசம். அதிகம்னா ஆறு."

மௌரீன் யாரையும் கேட்கவில்லை. அன்று சாயந்திரமே தெரிந்த ஒரு டிரைவரிடம் ஹெப்பகோடிக்குச் சொல்லி அனுப்பினாள்.

முனிகிருஷ்ணன் அந்தச் செய்தியை ஜெயலட்சுமியிடம் சொன்னபோது அவள் குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு ஒரு பெண், நாலு வயது.

"கடைசி வரைக்கும் பக்கத்துல இருக்கணும் ஜெயா. இது கூட செய்யலைன்னா நான் மனுஷனே இல்லை."

"கடைசின்னா?"

"ஆறு மாசம்னு சொல்றாங்களாம்."

ஜெயலட்சுமி பின்னி முடித்து ரிப்பன் கட்டினாள். "ஆறு மாசம்தானே. போய்ப் பாத்துக்க. நானும் பாப்பாவும் இருந்துக்கறோம்."

அவன் ஒரு துணிப்பையோடு அடுகோடி வீட்டு வாசலில் வந்து நின்றபோது கதவைத் திறந்தது தனக்கோடி. அவளுக்குக் கோபம் வரும் என்று அவன் நினைத்திருந்தான். அழுவாள் என்றும் நினைத்திருந்தான். இரண்டுக்கும் என்ன பேசுவது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தான். அவள் பையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

முன்பெல்லாம் அவனை வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். இந்த மாற்றத்தை அவள் யோசித்துச் செய்யவில்லை. இத்தனை வருஷத்தில் மனதுக்குள் அவனிடம் பேசியபோதெல்லாம் நீ என்றே பேசியிருந்தாள், அதுவே வாயில் வந்தது. உள்ளே இருந்த சங்கமித்ரா காலேஜ் புத்தகங்களை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டி மௌரீன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பதினேழு வயது. ஒன்பது வயதில் பார்த்த அப்பாவைக் கணக்கில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கரண்ட் வைப்பது இரண்டு வாரம் நடந்தது. முனிகிருஷ்ணன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஆட்டோவில் அவளைக் கூட்டிப் போனான். அவளுடைய நெற்றிப்பொட்டில் மையால் கோடு போட்டார்கள், அழிக்கக் கூடாது என்றார்கள். மேஜையில் மல்லாக்கப் படுக்க வைத்துத் தலை அசையாமல் பட்டை போட்டுக் கட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மெஷின் சத்தம் கேட்கும். வலி இல்லை, சூடு இல்லை. மூடிய கண்ணுக்குள் சில நாள் நீலமாக ஒரு வெளிச்சம் வந்தது. முதல் நாள் அவளுக்குப் பயமாக இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. வெளியே வந்தால் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருப்பான். எழுந்து செருப்பை எடுத்து அவள் காலுக்குப் பக்கத்தில் வைப்பான். அவள் போட்டுக்கொள்வாள்.

அவளுக்கு எல்லாம் கொஞ்சம் தள்ளி நடப்பது போல இருந்தது. மாத்திரையால் இருக்கலாம். அவனை மன்னிக்க வேண்டுமா என்று ஒரு நாள் ஆட்டோவில் யோசித்துப் பார்த்தாள். யோசனை பாதியில் நின்றுவிட்டது. மடிவாளா சிக்னலில் ஒருவன் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தான், அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் அவளே டாக்டர் உஷாவிடம் கேட்டாள். முனிகிருஷ்ணன் மருந்துக் கவுன்டரில் நின்றிருந்தான்.

"டாக்டரம்மா, மௌரீன் கிட்ட என்னமோ சொல்லியிருக்கீங்க. அவ மூஞ்சியைப் பாத்தாத் தெரியுது. எனக்கும் சொல்லுங்க."

டாக்டர் கேஸ் தாளை மூடி வைத்தார். "என்ன தெரிஞ்சிக்கணும்?"

"எவ்ளோ நாள்னு."

"உங்களுக்கு வயசு கம்மி. உங்க வேலையை நீங்களே செஞ்சுக்கறீங்க. மார்புல இருந்த இடம் சுத்தமா இருக்கு. மூணும் நல்லது. ஆனா இடுப்பெலும்பிலயும் ஒரு புள்ளி தெரியுது. அதுதான் கணக்கைக் கீழே இழுக்குது."

"கணக்கு என்னன்னு வருது?"

"நாலஞ்சு மாசம். ஆறுக்குள்ள. உங்களை மாதிரி நூறு பேரை எடுத்துக்கிட்டா, அதுல பாதிப் பேர் அதுக்குள்ள போயிடறாங்க. பாதிப் பேர் அதுக்கு மேல இருக்காங்க. நீங்க எந்தப் பாதின்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதனால ஒரு பேச்சுக்கு ஆறு மாசம்னு சொல்றோம்."

"சரி," என்றாள் தனக்கோடி. அரிசி விலை கேட்டுத் தெரிந்துகொண்டவள் போல இருந்தது அவள் குரல். "பொண்ணு கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க சொல்ல வேணாம்."

ஆனால் சங்கமித்ராவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. தெரு முழுக்கத் தெரிந்திருந்தது.

தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மாத்திரையில் முகம் உப்பி, கழுத்து தடித்து, பழைய ஆட்கள் அடையாளம் தெரியாமல் தயங்கினார்கள். பசி மட்டும் பயங்கரமாக எடுத்தது. எப்போது பார்த்தாலும் சாப்பிட எதையாவது கேட்டாள். முனிகிருஷ்ணன் வேலைக்குத் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவாஜிநகர் போய்க் கறி வாங்கி வந்து, தானே நறுக்கி, தானே சமைத்தான். உப்பு சரியாக இருக்காது. அவள் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொல்வாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கோலார் தங்கவயலிலிருந்து ஒரு சித்தி வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, எப்போதோ ஒரு கல்யாணத்தில் ஏதோ பேசிவிட்டதற்காக மன்னிப்புக் கேட்டு அழுதாள். தனக்கோடிக்கு அந்தப் பேச்சே நினைவில் இல்லை. "பரவாயில்ல சித்தி," என்றாள். வந்தவர்கள் போகும்போது வருகிறேன் என்று சொல்லாமல் சும்மா தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த மாதங்களில்தான் சங்கமித்ரா அப்பாவிடம் பேச ஆரம்பித்தாள். முதலில் அம்மாவின் மாத்திரையைப் பற்றி மட்டும். பிறகு, ஒரு சாயந்திரம் மழையில் அவள் சைக்கிள் செயின் அறுந்து தள்ளிக்கொண்டு வந்தபோது அவன் அதைப் பிரித்துச் சரி செய்தான். அதற்கப்புறம் அவள் கணக்குப் புத்தகத்தை அவன் உட்கார்ந்திருக்கும் கட்டிலிலேயே வைத்துப் படித்தாள். ஒரு நாள் சமையல்கட்டிலிருந்து, "நைனா, டீ வேணுமா?" என்ற குரல் கேட்டது. படுத்திருந்த தனக்கோடி கண்ணைத் திறந்தாள். அப்பாவை அப்படிக் கூப்பிடும் குரல் அந்த வீட்டில் பல வருஷமாகக் கேட்டதில்லை.

ஆறு மாதம் முடிந்தது. 2000 பிறந்தது. தனக்கோடி இருந்தாள். இடது கை துணியைப் பிடித்தது. வலிப்பு வரவில்லை. மாத்திரையைக் குறைத்தபோது முகமும் வடிந்தது, தலையில் பூனைமுடி போல முளைத்தது. மார்ச் மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் உஷா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார். வெள்ளையாக இருந்த இடங்கள் பல காணாமல் போயிருந்தன. இருந்ததும் சுருங்கியிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார் டாக்டர். அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "இப்படி எப்பவாவதுதான் பாக்கறோம்."

முனிகிருஷ்ணன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்போ இன்னும் எவ்ளோ நாள் ஆகும் டாக்டர்?" என்று கேட்டான்.

டாக்டரின் சிரிப்பு நின்றது. தான் கேட்டது என்ன என்று அவனுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போல அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். கெட்ட எண்ணத்தில் கேட்டவன் இல்லை. எட்டு மாதமாக ஹெப்பகோடிக்கு வேலைக்குப் போய், ஜெயலட்சுமி வீட்டுத் தெரு முனையில் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக் கீழே விட்டுவிட்டு, கடைசி பஸ் பிடித்து அடுகோடிக்கு வந்துகொண்டிருந்தவன். எது வரை என்று ஒருவர் சொல்லியிருந்தார். அது தாண்டிவிட்டது. அடுத்தது எது வரை என்று கேட்டான்.

"அதைச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

தனக்கோடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மனது வலிக்கும் என்று டாக்டர் பயந்து அவளைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, "போலாமா?" என்று எழுந்தாள். அவன் கேட்டதில் தப்பு இல்லை என்று வரும் வழியில் அவளுக்குத் தோன்றியது. தானும் அதையே கேட்டிருக்கலாம் என்றும் தோன்றியது.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஜெயலட்சுமி குழந்தையோடு வந்தாள். முனிகிருஷ்ணன் கடைக்குப் போயிருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"நான் ஜெயலட்சுமி, அக்கா."

"தெரியுது. உள்ள வா. பாப்பாவை உக்கார வை."

தனக்கோடி டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். இடது கையால் கொடுத்தாள், கை நடுங்கவில்லை. ஜெயலட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள். சாகக் கிடக்கிறவளைப் பார்க்கத் தைரியம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். எதிரே இருந்தவள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து நின்றிருந்தாள்.

"நல்லா இருக்கீங்க அக்கா. சந்தோஷம்." அவள் குரலில் சந்தோஷம் இருந்தது, அதனாலேயே அவளுக்கு அழுகை வந்தது. "நான் கேக்கக் கூடாது. என் வாயால வரக் கூடாது. பாப்பாவுக்கு ஸ்கூல் சேக்கணும். அப்பா பேர் போட்டு, அப்பா வந்து நிக்கணும்னு சொல்றாங்க. இவ அவரைப் பாத்தா இப்பல்லாம் கிட்ட போக மாட்டேங்கறா. சும்மா ஓடிப் போய் என் பின்னாடி நிக்கறா. ஆறு மாசம்னுதான் நான் ஒத்துக்கிட்டேன் அக்கா. நீங்க தப்பா நெனக்கக் கூடாது, நீங்க நூறு வருஷம் இருக்கணும்."

"தப்பா நெனக்கலை."

"எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"சொல்லிட்டியே," என்றாள் தனக்கோடி. "கூட்டிட்டுப் போ."

ஜெயலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். தனக்கோடியின் முகத்தில் தியாகம் செய்கிற பாவனையும் இல்லை, குத்திக்காட்டுவதும் இல்லை. குழந்தைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

முனிகிருஷ்ணன் வந்து இருவரையும் ஒரே அறையில் பார்த்ததும் காய்கறிப் பையோடு கதவருகிலேயே நின்றான். ஜெயலட்சுமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"துணியெல்லாம் எடுத்துக்க," என்றாள் தனக்கோடி.

"நான் போகல தனம். கடைசி வரைக்கும் இருப்பேன்னு சொல்லித்தான் வந்தேன். தெருவுல என்ன சொல்லுவாங்க?"

"நீ சாவுக்கு வந்த. சாவு வரலை. அது வர்ற வரைக்கும் நீ என்னைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா, எனக்கு இருமல் வந்தாக்கூட, இதுதானான்னு உன் மூஞ்சியைப் பாக்க வேண்டியிருக்கு. முடியலை. போயா."

அவன் உட்கார்ந்தான். கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை. "அன்னிக்கு டாக்டர் கிட்ட கேட்டது..."

"அதுக்காக இல்லை."

அது உண்மைதான். அதற்காக இல்லை. ஆனால் எதற்காக என்று அவளுக்கே கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை. அவன் இருப்பது அவளுக்குத் தொந்தரவு இல்லை, அவன் போவதும் தொந்தரவு இல்லை. அவன் போனால் நல்லது நடக்கப்போகிறவர்கள் வெளியே வெயிலில் நின்றார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

சங்கமித்ராவை அவள் மறந்துவிட்டாள்.

காலேஜ் தோழி வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண், கொடியில் அப்பாவின் சட்டைகள் இல்லாததைப் பார்த்தாள். அம்மா சொன்னதைக் கேட்டு முடித்தாள்.

"யாரைக் கேட்டு அனுப்பின?"

"அவங்களுக்கும் ஒரு குழந்தை இருக்கு."

"நான்?" என்றாள் சங்கமித்ரா. "முதல்ல போனப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது, சின்னப் பொண்ணு. இப்ப நீயே அனுப்பியிருக்க. வரவே விட்டிருக்கக் கூடாது நீ."

தன்னையும் அவனையும் ஜெயலட்சுமியையும் வைத்து யோசித்த தனக்கோடி, மகளை அந்த மூன்று பேருக்குள் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து சங்கமித்ரா வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், சோறு போட்டாள், பேச வேண்டியதைப் பேசினாள். அந்தக் கேள்வி மட்டும் இருவருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது. தனக்கோடி ஒரு முறை, "நான் யோசிக்கலைமா," என்றாள். "தெரியும்," என்றாள் மகள்.

முனிகிருஷ்ணன் அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு முறை வந்து ஒரு டீ குடிக்கிற நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

தனக்கோடி வேலைக்குத் திரும்பினாள். காலர் தர மாட்டோம் என்றார்கள். செக்கிங் டேபிளில் நின்று நூல் வெட்டும் வேலை கொடுத்தார்கள். நின்றால் இடுப்பு வலித்தது, அவளுக்காக மௌரீன் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கினாள். ஃபேக்டரியில் புதிதாய் வந்த பெண்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவளை வழியனுப்பப் போய் அழுதுவிட்டு வந்த பழையவர்களும் என்ன பேசுவது என்று தெரியாமல், "நல்லா இருக்கியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். அவளும் நல்லா இருக்கேன் என்பாள்.

அந்த வருஷக் கடைசியில் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் உஷா, "ஸ்டூடன்ட்ஸ் இருக்காங்க. அவங்களுக்கு உங்களைக் காட்டலாமா? இஷ்டம் இல்லைன்னா வேணாம்," என்றார். தனக்கோடி சரி என்றாள். ஒரு சின்ன அறையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டாக்டர் பழைய ஸ்கேனை மட்டும் மாட்டி, வயது, எலும்புப் புள்ளி, கையில் இருந்த பலவீனம் எல்லாம் இங்கிலீஷில் சொல்லி, எவ்வளவு காலம் சொல்வீர்கள் என்று கேட்டார். ஒருவன் த்ரீ மந்த்ஸ் என்றான். ஒரு பெண் ஃபோர் என்றாள். இன்னொருவன் சிக்ஸ், நாட் மோர் என்றான். பீஸ் கணக்கும் டார்கெட்டும் இங்கிலீஷிலேயே கேட்டுப் பழகியவள் தனக்கோடி. எல்லாம் புரிந்தது. பிறகு டாக்டர் அந்த ஸ்கேனின் தேதியைச் சொல்லி, இவர்தான் அந்தப் பேஷன்ட் என்று அவளைக் காட்டினார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"உங்க கணக்குத் தப்பில்லை," என்று டாக்டர் மாணவர்களிடம் சொன்னார். "நானும் அதேதான் சொன்னேன். அடுத்த பேஷன்ட்டுக்கும் அதையேதான் சொல்வேன். ஆனா சொல்லும்போது இவங்களை ஞாபகம் வெச்சுக்கங்க."

த்ரீ மந்த்ஸ் என்று சொன்ன பையன், "ஸாரிம்மா," என்றான்.

"எதுக்கு?" என்றாள் தனக்கோடி. உண்மையாகவே கேட்டாள்.

2001 தீபாவளி கழிந்து தலைவலி ஆரம்பித்தது. காலையில் எழும்போதே வாந்தி. வார்த்தைகள் இடம் மாறின. டம்ளரைக் கேட்க நினைத்துக் கத்தரிக்கோலைக் கேட்டாள். ஸ்கேனில் பழைய இடங்களும் புதிய இடங்களும் தெரிந்தன. மறுபடி கரண்ட் வைக்க டாக்டர் உஷா யோசித்து, அவள் இருந்த நிலைமையைப் பார்த்து வேண்டாம் என்று முடிவு செய்தார். இந்த முறை எவ்வளவு நாள் என்று தனக்கோடி கேட்கவில்லை. சங்கமித்ரா கேட்டாள்.

"மாசம் இல்லம்மா. வாரம்," என்றார் டாக்டர். "போன தடவை நான் சொன்னது தப்பாப் போச்சு. இந்தத் தடவையும் தப்பாப் போனா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அப்படித் தோணலை."

சங்கமித்ரா அப்போது டிகிரி இரண்டாம் வருஷம். மௌரீன், "உங்கப்பனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். "நானே போறேன் ஆன்ட்டி," என்றாள். ஹெப்பகோடியில் அந்த வீட்டை அவள் பார்த்ததில்லை. விசாரித்துக்கொண்டு போனாள். முனிகிருஷ்ணன் ஷிப்ட் முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். பெண்ணைப் பார்த்ததும் துண்டைத் தேடினான்.

"அம்மாவுக்கு மறுபடி வந்திருக்கு," என்றாள்.

"எவ்ளோ நாள்னு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

சங்கமித்ரா அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "சொல்லலை," என்றாள்.

அவன் அடுத்த நாள் சாயந்திரம் வந்தான். பை கொண்டு வரவில்லை. தினமும் வேலை முடிந்து நேராக வந்து, அவளைத் தூக்கி உட்கார வைத்து, சாய்த்துப் பிடித்துக் கஞ்சி கொடுத்துவிட்டு, பஸ் ஏறிப் போனான். சில நாள் ஜெயலட்சுமி பகலில் வந்து துணி துவைத்துப் போட்டாள். தனக்கோடி பாதி நேரம் தூங்கினாள். விழித்திருக்கும்போது யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பாள், யாராக இருந்தாலும் அதே பார்வைதான். ஒரு நாள் மகளைக் கூப்பிட்டு, வார்த்தை தேடி, கிடைக்காமல், அவளுடைய சுரிதாரின் கழுத்துப் பட்டியை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு இடத்தில் தையல் விலகியிருந்தது. அங்கேயே விரல் நின்றது. சங்கமித்ரா அந்தக் கை தானாக நழுவும் வரை குனிந்தே நின்றாள்.

டிசம்பரில் ஒரு காலை, மௌரீன் ஃபேக்டரி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, தனக்கோடி இறந்து போனாள். டாக்டர் சொன்ன வாரங்களுக்குள்தான். பௌத்த சங்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து பஞ்சசீலம் சொன்னார், சொல்லத் தெரிந்தவர்கள் கூடச் சொன்னார்கள். முனிகிருஷ்ணன் பாடை தூக்கினான். அவன் அழுததை எல்லோரும் பார்த்தார்கள். சங்கமித்ராவுக்கு அழுகை வரவில்லை. இரண்டரை வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அழுது தீர்ந்துவிட்டது என்று மௌரீன் மற்றவர்களிடம் சொன்னாள். அப்படியும் இல்லை. அவள் அந்த இரண்டரை வருஷத்திலும் அழுதிருக்கவில்லை.

ஜனவரியில் மிச்சமிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க சங்கமித்ரா ஆஸ்பத்திரிக்குப் போனாள். வேறு யாருக்காவது ஆகும் என்று மௌரீன் சொல்லியிருந்தாள். டாக்டர் உஷா லீவில் இருந்தார். நர்ஸ் அட்டைகளை வாங்கித் தேதி பார்த்து எடுத்து வைத்துக்கொண்டாள். கரண்ட் ரூமுக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். ஓரத்தில் ஒரு நடுவயதுக்காரர், நெற்றிப்பொட்டில் ஈரம் காயாத மைக்கோட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"ஏம்மா, நீ இங்க வந்து போற பொண்ணா? இது வலிக்குமா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

சங்கமித்ரா நின்றாள். "வலிக்காது. முடி கொட்டும், அப்புறம் முளைக்கும். பசி எடுக்கும், கேட்டதெல்லாம் குடுங்க," என்றாள்.

"அதுக்கப்புறம் நல்லாயிடுமா?"

"எங்கம்மா ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்தாங்க," என்றாள். அது நிறைய என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. முகம் சுருங்கிவிட்டது. உள்ளே ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள், அந்த மனிதர் எழுந்தார். அவள் வெளியே வந்து, ரோட்டைக் கடந்து, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள்.